பேட்டரி நிறைவது மூன்று படியில்



குழுக்கடனில் தையல் கூடத்துக்கு இன்வெர்ட்டர் வாங்கியவர்களுக்கு ஒரு செய்தி. குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது முதலில் குழாயை முழுசாகத் திறப்போம், விளிம்பு வந்ததும் குறைப்போம். மூன்று படி சார்ஜரும் அப்படித்தான்.

முதல் படியில் கரண்ட் வேகமாக ஏறும். 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி சுமார் 14.4 வோல்ட்டைத் தொடும்போது முக்கால் பங்குதான் நிறைந்திருக்கும். இரண்டாம் படியில் வோல்டேஜ் அப்படியே நிற்க, கரண்ட் மெல்லக் குறையும். இதற்குச் சில மணி நேரம் ஆகும். மூன்றாம் படியில் சுமார் 13.6 வோல்ட்டில், நிறைந்தது இறங்காமல் காக்கும்.

"கரண்ட் பில் ஏறுமே" என்று பாதியில் சுவிட்சை அணைப்பதைக் களத்தில் பார்க்கிறோம். அடிக்கடி அரைகுறையாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும். அப்புறம் பேட்டரி போயிருக்கும், கடன் தவணை மட்டும் நிற்கும். அதனால் சுவிட்சை அணைக்காதீங்க.