பள்ளி விட்ட பிறகு: காஞ்சிபுரத்துப் பிள்ளைகளின் மாலை நேரம்

பாட்டு, நடனம், ஓவியம், விளையாட்டு, சாரணர் பயிற்சி என்று பாடநூலுக்கு அப்பால் பிள்ளைகள் கற்பவற்றைக் கல்வித் துறையினர் கல்வி இணைச் செயல்பாடுகள் என்பர். இவற்றையும் படிப்பையும் ஒருங்கே கொண்டுசெல்வது எப்படி என்பது பொதுவாக ஒரு வீட்டின் நேர ஒழுங்கு பற்றிய கேள்வியாகவே பேசப்படுகிறது. ஆனால், வீடே தொழிற்கூடமாக விளங்கும் காஞ்சிபுரத்தில், பள்ளி விட்டு வந்த பிள்ளையின் மாலை எதற்கு உரியது என்பது சட்டமும் அரசியலும் தலையிட்ட பழைய வழக்காகும்.

இவ்வூர்ப் பட்டுக்குப் பெயர் தேடித் தந்த கோர்வை முறையில், சேலையின் உடலும் கரைகளும் வெவ்வேறு நிற ஊடையால் நெய்யப்பட்டு, சேருமிடத்தில் இழைக்கு இழை கோக்கப்படுகின்றன. உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என ஊடை நூலைக் கொண்டோடும் மூன்று நாடாக்கள் ஓட வேண்டியிருப்பதால், நெசவாளருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஒரு கரையின் நாடாவை வாங்கித் திருப்பியனுப்பும் துணையாள் ஒருவர் தேவைப்பட்டார். நெடுங்காலம் அந்த இடத்தில் சிறுவர் சிறுமியரே உட்கார்த்தப்பட்டனர். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாத தொழில்களில் துணி நெசவையும் சேர்த்தது என்றாலும், குடும்பத்தினரே நடத்தும் பட்டறைக்கு விலக்கு அளித்தது. 2016ஆம் ஆண்டின் திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியபோதும், அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவலாம் என்று இடம் விட்டது. ஆக, சட்டத்தின் கண்ணிலும் மாலை நேரம் முழுமையாகப் பிள்ளைக்கு உரியதாகிவிடவில்லை.

தொழிலும் கல்வியும் கலக்கும் இந்த எல்லை, 1953இல் தமிழக அரசியலையே உலுக்கியது. அன்றைய முதலமைச்சர் இராஜாஜி, கிராமத் தொடக்கப் பள்ளிகளின் வகுப்பு நேரத்தை நாளொன்றுக்கு 3 மணி நேரமாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தவர்களில் முதன்மையானவர்கள் பெரியாரும், காஞ்சிபுரத்தில் நெசவுச் சமூகக் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணாவும் ஆவர். காமராசர் முதல்வரானபின் 1954இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழில் வழியே கற்பதை 1937இலேயே காந்தியடிகள் ஆதாரக் கல்வியாக முன்வைத்திருந்தார். ஆனால் குலக்கல்வித் திட்டத்தின் மீதான எதிர்ப்பின் சாரம் கைத்தொழிலை வெறுப்பதன்று, பிறப்பு ஒரு பிள்ளையின் நாளைப் பங்கிடக் கூடாது என்பதாகும்.

இன்று தறியின் ஓரத்தில் பெரும்பாலும் வீட்டுப் பெரியவரே அமர்கிறார். மாறாக, டியூஷன், பரத வகுப்பு, கீபோர்டு, அபாகஸ், இந்தித் தேர்வு எனப் பிள்ளையின் மாலைக்குப் புதிய உரிமைதாரர்கள் வந்துள்ளனர். இந்நிலையில் கணக்கைத் தூக்கத்திலிருந்து தொடங்குவதே சரியான முறையாகும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை என்பது அமெரிக்க உறக்க மருத்துவ அகாதமியின் பரிந்துரை. 5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமாவது உடல் அசைய ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு உறக்கம் 9 மணி, போக்குவரத்தோடு பள்ளி 8 மணி, குளியல், உணவு, வீட்டு வேலை ஆகியவற்றுக்கு 3 மணி, வீட்டுப்பாடத்துக்கு ஒன்றரை மணி, விளையாட்டுக்கு ஒரு மணி என ஒதுக்கினால், மிஞ்சுவது ஒன்றரை மணியே. அதில் ஒரு கலையை ஊன்றிப் பயிலலாம்; மூன்றைத் திணித்தால் குறைவது உறக்கமாகத்தான் இருக்கும்.

நாளைப் போலவே ஆண்டையும் பங்கிட வேண்டியுள்ளது. ஏகாம்பரநாதர் கோயில் பங்குனித் திருவிழா ஆண்டுத் தேர்வுகளை ஒட்டியே வருகிறது. தீபாவளிக்கும் கல்யாண மாதங்களுக்கும் முன்னர் தறிவேலை நெருக்குகிறது. இந்த வாரங்களில் பயிற்சியைச் சுருக்கி, கோடை விடுமுறையில் ஈடு செய்துகொள்வது, தேர்வு வந்ததும் வகுப்பை அறவே நிறுத்திப் பழகியதை மறக்கவிடுவதைவிட மேலானது. வீட்டுத் தொழிலுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்: அப்பாவிடம் வண்ணச் சேர்க்கையையும் புட்டா அமைப்பையும் கேட்டறிவது கல்வி, ஒப்படைக்க வேண்டிய சேலைக்காக ஊடை நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே இருப்பது உழைப்பு. பிள்ளை விரும்பியபோது எழுந்துபோக முடியுமா என்பதே இரண்டையும் பிரித்துக் காட்டும்.

எனினும், கட்டணம் செலுத்த இயலாத, தறியும் படிப்பும் ஒரே அறையில் நடக்கும் வீடுகளுக்கு இத்தகைய அட்டவணை மட்டும் போதாது. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயதினருக்கு இசை, நடனம், ஓவியம் கற்பிக்கின்றன. அரசுப் பள்ளிகளில் 2022–23 முதல் கலைத் திருவிழாப் போட்டிகள் நடைபெறுகின்றன. இவற்றைவிட அடிப்படையானது பள்ளியின் வாராந்தர அட்டவணையில் ஏற்கெனவே உள்ள உடற்கல்வி, ஓவியப் பாடவேளைகள். தேர்வு நெருங்கியதும் கணக்குக்கும் அறிவியலுக்கும் முதலில் பறிபோகின்றவையும் அவையே. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்கிறது. அக்குழுவின் அடுத்த கூட்டத்தில் அந்தப் பாடவேளைகள் உண்மையில் நடக்கின்றனவா என்று பெற்றோர் கேட்பது, மாலையில் இன்னொரு வகுப்பு தேடுவதைவிடப் பல பிள்ளைகளுக்குப் பயன் தரும்.