இருமுறை தட்டினால் வழி தெரியும்

தேய்பிறை அஷ்டமி இரவில் ஆறகளூர் காமநாதீஸ்வரர் ஆலயத்தில் அஷ்ட பைரவர்களைத் தரிசித்துவிட்டுச் சின்னசேலத்துக்குத் திரும்பும் முதியோருக்கு, பயணத்தின் கடினமான பகுதி பெரும்பாலும் சொந்த வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. கதவைத் திறந்தால் நடை இருட்டு. கூடத்தின் சுவிட்ச் எதிர்ச்சுவரில் இருக்கும். கொல்லைப்புற விளக்கின் சுவிட்ச் அதற்கும் அப்பால். இடையில் வாசற்படி, ஈரத்தரை, யாரோ நகர்த்தி வைத்த நாற்காலி. மார்கழி விடியற்காலையில் நீராட எழுவோருக்கும் இதே நிலைதான். எழுபது வயதுக்கு மேல் இடுப்பெலும்பு முறிந்தால் கோயிலுக்கு நடந்து செல்லும் பேறே போய்விடக்கூடும்.

கைப்பேசியைத் தொட்டால் விளக்கெரியும் என்று வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் சொல்வார்கள். இருட்டில் மூக்குக்கண்ணாடியையே தேடுபவர் கைப்பேசியில் எதைத் தேடுவது? பழகிய சுவிட்சே போதும். அதை எத்தனை முறை தட்டுகிறோம் என்பதற்குப் பொருள் கொடுத்தால் சரி.

இதன் எளிய வடிவம் ஒரு பல்பிலேயே இருக்கிறது. பிலிப்ஸ் நிறுவனத்தின் ‘சீன் ஸ்விட்ச்’ போன்ற எல்.இ.டி. பல்புகளில், சுவிட்சை அணைத்து உடனே மீண்டும் போட்டால் ஒளி மாறும். புராணம் படிக்கப் பளிச்சென்ற ஒளி. இரவில் கண்ணைக் கூசாத ஒளி. இதற்கு இணையமும் வேண்டாம், புதிய வயரும் வேண்டாம்.

அடுத்தது, சுவிட்ச் பெட்டிக்குள் பொருத்தப்படும் சிறிய ரிலே கருவி. ஒருமுறை தட்டினால் வழக்கம்போல் வாசல் விளக்கு எரியும். அடுத்தடுத்து இருமுறை தட்டினால், அது கம்பியில்லா முறையில் செய்தி அனுப்ப, இதே போன்ற கருவி பொருத்திய கூடம், நடை, கொல்லைப்புறம் ஆகிய மூன்று இடங்களின் விளக்குகளும் எரியும்.

திருச்செந்தூரில் பூஜை மணி ஒலித்த பின்னரே வீரபாண்டிய கட்டபொம்மன் உணவருந்துவார் என்றும், அவ்வோசை பாஞ்சாலங்குறிச்சியை எட்டுவதற்காக வழியெங்கும் மணி மண்டபங்கள் கட்டினார் என்றும் செவிவழிச் செய்தி உண்டு. ஓரிடத்து ஒலி வேறோரிடத்தில் செயலாவது நம்மவர்க்குப் புதிதன்று.

முதியோரின் விரல் நிதானமாக இயங்கும் என்பதைக் கருவி அறியாது. இரண்டு தட்டுகளுக்கிடையே அது காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு விநாடிக்கும் குறைவு. சில கருவிகளில் அதைக் கூட்டிக்கொள்ளலாம். கூட்டினால், இரண்டாவது தட்டு வருகிறதா என்று பார்த்த பிறகே ஒற்றைத் தட்டுக்கு விளக்கெரியும். அந்தச் சிறு தாமதத்தைப் பொறுக்காமல் மீண்டும் தட்டுவோர்தான் அதிகம்! ஆகவே பொருத்துபவர் தம் விரலால் சோதித்துவிட்டுப் போகாமல், வீட்டுப் பெரியவரைத் தட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். அழுத்தினால் தானே மீளும் அழைப்புமணி சுவிட்ச் இதற்கு மிகவும் ஏற்றது.

பழைய வீடுகளின் சுவிட்ச் பெட்டிகள் பலவற்றில் நியூட்ரல் வயர் இராது. பல கருவிகளுக்கு அது இன்றியமையாதது. வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுவது நலம். இணையம் அறுந்தாலும் வீட்டுக்குள்ளேயே இயங்கும் கருவியா என்பதையும் கேட்டறிய வேண்டும். தண்ணீர் மோட்டாரையும் வெந்நீர் கெய்சரையும் இத்தட்டுகளோடு இணைக்காதிருப்பதே நன்று. கை தவறிய ஒரு தட்டில் அவை ஓடத் தொடங்கும்.

மூன்று தட்டுகளுக்குப் பிள்ளையின் கைப்பேசிக்குச் செய்தி போகுமாறும் அமைக்கலாம். தனித்து வாழும் தம்பதியருக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் மின்சாரமோ இணையமோ இல்லாதபோது அச்செய்தி போகாது. அவ்வேளைக்கு அடுத்த வீட்டுக்காரரின் எண் பெரிய எழுத்தில் சுவரில் இருக்கட்டும். எத்தனை தட்டுக்கு என்ன நடக்கும் என்பதையும் அதன் கீழேயே எழுதி ஒட்டிவிடலாம்.

பூஜையறையில் மின்விளக்கைத் தட்டி எரியவிடலாம். குத்துவிளக்கின் திரியை மட்டும், அந்த வெளிச்சத்தில் நிதானமாக நடந்து வந்து, கையால்தான் ஏற்ற வேண்டும்.