எல்லையும் அடைக்கலமும்: விவிலிய எல்லைக் கருத்தும் திருக்காவலூரும்

எல்லை என்பது பழந்தமிழில் பல பொருள் குறித்த ஒரு சொல். நிலத்தின் முடிவிடத்தையும் காலத்தின் அளவையும் அது குறிக்கும். பகற்பொழுதிற்கும் பெயராய் வழங்கும். தொல்காப்பியத்திற்குச் சிறப்புப்பாயிரம் செய்த பனம்பாரனார், நூலின் இயல்பைக் கூறப் புகுந்தபொழுதே தமிழ் வழங்கும் நிலத்தின் வடக்கெல்லையையும் தெற்கெல்லையையும் வரையறுத்துக் கூறினார். சிறப்புப்பாயிரத்திற்கு உரியனவாக நன்னூலார் தொகுத்த எட்டனுள் எல்லையும் ஒன்று. எனவே ஒரு நூல் எந்நிலத்தில் வழங்கும் என்று கூறுதல் அந்நூலை அறிதற்கு இன்றியமையாதது என நம் முன்னோர் கருதினர் என்க.

கிறித்தவ மறைநூலும் எல்லை பற்றி மிகுதியாகப் பேசுகின்றது. ஆயின் அங்கு எல்லை என்பது நில அளவை மட்டுமன்று. அறத்தின் அளவையும் ஆகின்றது. அக்கருத்துத் தமிழ்நாட்டிற்கு வந்து ஓர் ஊரின் பெயரில் தங்கிய வரலாறே இக்கட்டுரையின் பொருள். அவ்வூர் இன்றைய அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடபால் அமைந்த ஏலாக்குறிச்சி. வீரமாமுனிவர் அதனைத் திருக்காவலூர் எனப் போற்றினார். எல்லை என்பது யாருக்காக வகுக்கப்படுவது என்னும் வினாவிற்கு மறைநூல் தரும் விடையையும், அவ்விடையை இவ்வூர்ப்பெயர் எவ்வாறு ஏந்தி நிற்கின்றது என்பதையும் முறையே ஆராய்வாம்.

1. எல்லைக் கல்

பழைய ஏற்பாட்டின் எண்ணாகமம் முப்பத்துநான்காம் அதிகாரம் கானான் நாட்டின் நாற்றிசை எல்லைகளையும் நிரல்படக் கூறுகின்றது. தெற்கே சீன் பாலைநிலமும், மேற்கே பெருங்கடலும், கிழக்கே யோர்தான் ஆறும் எல்லைகளாகக் குறிக்கப்பெறுகின்றன. யோசுவா நூலின் பிற்பகுதியோ குலந்தோறும் பங்கிட்ட நிலங்களின் எல்லைகளை ஊர் ஊராக எண்ணிச் செல்கின்றது. படிப்பார்க்கு வறண்ட பட்டியல் போலத் தோன்றும் இப்பகுதிகள் தமிழ்க் கல்வெட்டு ஆராய்ச்சி உடையார்க்குப் புதியன அல்ல. சோழர் செப்பேடுகளிலும் கீழ்பால் எல்லை, தென்பால் எல்லை என வாய்க்கால்களும் வரப்புகளும் மரங்களும் இவ்வாறே எண்ணப்படுதலைக் காண்கின்றோம். பெண்யானையை நிலத்தைச் சுற்றி நடத்தி, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நட்டு எல்லை வகுத்தல் அக்கால வழக்கம். லெய்டன் செப்பேடுகள் என வழங்கும் ஆனைமங்கலச் செப்பேடுகள், நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்திற்கு இராசராசன் அளித்த ஊரின் எல்லைகளை அம்முறையில் பதிவு செய்துள்ளன. சைவனாகிய வேந்தன் புத்த சமயத்தார்க்கு நிலம் ஈந்தபொழுதும் எல்லை வகுக்கும் முறை மாறவில்லை.

நட்ட கல்லைப் பெயர்த்தல் இரு மரபிலும் குற்றமே. எனினும் விவிலியம் அக்குற்றத்தை எங்கே வைத்து எண்ணுகின்றது என்பது உற்று நோக்கத்தக்கது. உபாகமம் இருபத்தேழாம் அதிகாரத்தில், மக்கள் அனைவரும் கேட்டு ‘ஆமென்’ என்று ஒப்புக்கொள்ளும் சாபங்கள் தொகுக்கப்பட்டுள்ளன. அங்கு எல்லைக் கல்லைப் பெயர்ப்பவனை அடுத்து, குருடனை வழி தப்பச் செய்பவன் கூறப்படுகின்றான். அவனை அடுத்து, அயலானுக்கும் தந்தையற்ற பிள்ளைக்கும் கைம்பெண்ணுக்கும் உரிய நீதியைப் புரட்டுபவன் கூறப்படுகின்றான். நீதிமொழிகள் இருபத்துமூன்றாம் அதிகாரமும் பழைய எல்லைக் கல்லையும் தந்தையற்ற பிள்ளைகளின் வயலையும் ஒருசேர வைத்தே எச்சரிக்கின்றது. வலியவனுக்குத் தன் நிலத்தைக் காக்கக் கல் வேண்டுவதில்லை. அவன் கையே போதும். கல் வேண்டுவது எளியவனுக்கே. ஆகவே எல்லைக் கல் என்பது உடையவனின் பெருமைக்கு நட்டதன்று, எளியவனின் காவலுக்கு நட்டது என்பது இவ்வைப்பு முறையால் பெறப்படும்.

லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரம் இதனினும் ஒரு படி மேலே செல்கின்றது. அறுவடைக் காலத்தில் வயலின் ஓரங்களை முற்ற அறுத்தல் ஆகாது. அவை ஏழைக்கும் அயலானுக்கும் விடப்படல் வேண்டும் என்பது அதன் கட்டளை. நிலம் ஒருவனுடையது, ஆயின் அந்நிலத்தின் விளிம்பில் விளைந்தது அவனுடையது அன்று. எல்லையில் நிற்பவனே அதற்கு உரியன் ஆகின்றான்.

2. அடைக்கல நகர்

இக்கருத்தின் முழு வடிவத்தை அடைக்கல நகர்களிற் காணலாம். எண்ணாகமம் முப்பத்தைந்தாம் அதிகாரமும் யோசுவா இருபதாம் அதிகாரமும் இவற்றை விரிக்கின்றன. அறியாது கொலை செய்துவிட்ட ஒருவன், பழிக்குப் பழி வாங்க வருவோன் கையினின்றும் தப்பி ஓடிச் சேர்தற்கு ஆறு நகர்கள் ஒதுக்கப்பட்டன. யோர்தானுக்கு மேற்கே கேதேசு, சீகேம், எப்ரோன் என மூன்று. கிழக்கே பேசேர், ராமோத்து, கோலான் என மூன்று. ஆறு இடையிட்டமையால் எவரும் புகலின்றி நிற்றலாகாது என்று இரு கரையிலும் ஒப்ப வகுத்தனர். இந்நகர்கள் இசுரவேலர்க்கு மட்டுமன்றி அவரிடை வாழும் அயலார்க்கும் உரியன என்று நூலே தெளிவாகக் கூறுகின்றது.

ஈண்டு எல்லையின் பயன் தலைகீழாக மாறுதலைக் காண்கின்றோம். நகரத்து எல்லைக்குள் உள்ளவரை ஓடிவந்தவன் உயிர் பிழைப்பான். தலைமைக் குரு இறக்குமுன் அவ்வெல்லையைக் கடந்தால் பழிவாங்குவோனால் கொல்லப்படலாம். நாட்டெல்லை பகைவனை வெளியே நிறுத்துவது. அடைக்கல நகரின் எல்லையோ அஞ்சி வருபவனை உள்ளே ஏற்று, அவனைத் தொடர்ந்து வருபவனை வெளியே நிறுத்துவது. இரண்டும் எல்லையே. ஆனால் முன்னது உடையார்க்கு உரியது. பின்னது ஒன்றும் இல்லார்க்கு உரியது.

அடைக்கலம் என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு காதை உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர் முதுமகளாகிய மாதரியிடம் அடைக்கலமாகத் தருகின்றார். தருபவர் சமணத் துறவி. ஏற்பவள் மதிலுக்குப் புறத்தே வாழும் எளியவள். அரண் சூழ்ந்த மதுரை கோவலனைக் காக்கவில்லை; கண்ணகிக்கு இடம் அளித்தது மதிலின் புறத்து ஆயர் பாடியே. அடைக்கலம் என்பது வலிய அரணில் இல்லை, ஏற்பவர் நெஞ்சில் உள்ளது என்னும் உண்மை தமிழ்க் காப்பியத்திலும் புலனாகின்றது.

3. கொள்ளிடத்தின் வடகரை

பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதி பல ஆட்சிகள் வந்து முட்டிய எல்லைநிலமாக இருந்தது. கொள்ளிடத்தின் தெற்கே தஞ்சை மராட்டியர். வடக்கே அரியலூரில் மழவராயர், உடையார்பாளையத்தில் காலாட்கள் தோழ உடையார் ஆகிய பாளையக்காரர். மேற்கே 1736 வரை திருச்சிராப்பள்ளியை ஆண்ட நாயக்கர். வடக்கினின்றும் பரவிவந்த ஆர்க்காட்டு நவாபின் ஆணை. பெரம்பலூரை அடுத்த இரஞ்சன்குடிக் கோட்டை அக்காலத்து அச்சத்திற்குக் கல்லால் அமைந்த சான்று. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தத்தம் நவாபுகளை முன்னிட்டு வாலிகண்டபுரத்துப் போரில் ஈடுபட்டதும் இந்நிலத்திலேயே.

இத்தகைய எல்லைநிலத்தில் எளிய மக்கள் இடர்ப்பட்டதோடு ஒரு பயனும் அடைந்தனர். ஓர் ஆட்சியின் சினம் ஆற்றின் அக்கரையோடு நின்றது. தஞ்சையில் சாகசி மன்னன் காலத்தில், 1701-ஆம் ஆண்டளவில், கிறித்தவர்கள் துன்புறுத்தப்பட்டனர். அவ்வாறு துன்புற்றோர் கொள்ளிடத்தைக் கடந்து ஏலாக்குறிச்சியிற் புகல் அடைந்தனர் என்பது அவ்வூரார் போற்றிவரும் மரபு. அங்குள்ள மரியன்னை அடைக்கல மாதா எனப் பெயர் பெற்றமைக்கும் இதனையே காரணமாகக் கூறுவர். மழவராயர் ஒருவர் தம் நோய் நீங்கியமைக்கு நன்றியாக இக்கோயிலுக்கு நிலம் அளித்தார் என்னும் வழக்கும் உண்டு. இவற்றுள் மரபு எது, வரலாறு எது எனப் பிரித்தறிதல் ஆராய்வார் கடமை. எனினும், யோர்தானின் இரு கரையிலும் புகலிடம் வகுத்த மறைநூலைக் கற்ற ஒருவர் கொள்ளிடக் கரையில் வந்து வாழ்ந்தபொழுது, அவ்வொப்புமை அவர் கண்ணிற் படாதிருந்திராது எனல் தவறாகாது.

4. காவலூர் என்னும் பெயர்

அவரே வீரமாமுனிவர் என வழங்கும் கொன்சுதாந்தீனோ சோசேப்பு பெசுகி. 1680-இல் இத்தாலியிற் பிறந்து, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை மறைப்பணியில் சேர்ந்து, 1747-இல் மறைந்தார். எல்லை வகுத்தல் அவர்தம் புலமைக்கும் இயல்பாக இருந்தது. செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனி இலக்கணம் செய்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்துச் சதுரகராதி தொகுத்தார். எகர ஏகார, ஒகர ஒகாரங்களின் வரிவடிவ வேறுபாட்டையும் அவர் செய்த திருத்தமாகவே கூறுவர்.

இத்தகையார் ஓர் எல்லைச் சிற்றூருக்குத் திருக்காவலூர் எனப் பெயர் வழங்கி, அவ்வூரின் அன்னைமேல் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். கலம்பகம் கடவுளர்க்கும் அரசர்க்கும் பெரும் பதிகளுக்கும் உரியதாகப் போற்றப்பட்ட சிற்றிலக்கியம். மதிலும் மாடமும் இல்லாத ஊர் அதற்குப் பாட்டுடைத் தலமாயிற்று என்பது சிறிய செய்தி அன்று.

காவல் என்னும் சொல்லைப் பழந்தமிழ் வழக்கில் நோக்குவோம். காவற்காடு, காவன்மரம் என்பன அரசனின் ஆற்றலைக் குறித்தன. காவன்மரத்தை வெட்டுதல் அவனை வென்றதற்கு அடையாளம். அங்குக் காவல் என்பது அரசனுக்கு உரிய பொருளைக் காத்தல். காவலூரிலோ காக்கப்படுவது ஊரின் பொருளன்று. ஊரை நோக்கி வந்தவர். இரஞ்சன்குடியில் காவல் அகழியாலும் மதிலாலும் அமைந்தது. காவலூரில் அது ஒரு தாயின் பெயரால் அமைந்தது. பழைய சொல் புதிய பொருள் பெற்றமை இதனால் விளங்கும்.

இக்கருத்திற்குத் தேம்பாவணியும் துணை செய்கின்றது. மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் உடைய அப்பெருங்காப்பியத்திற்கு முனிவர் தேர்ந்துகொண்ட தலைவன் வேந்தனும் அல்லன், வீரனும் அல்லன்; வளன் எனப் பெயர் சூட்டப்பெற்ற தச்சன் சூசை. மறைநூலில் அவன் ஆற்றிய அருஞ்செயல், ஏரோதின் வாளுக்குத் தப்பத் தாயையும் சேயையும் காத்து நாட்டெல்லையைக் கடந்து எகிப்துக்குச் சென்றமையே. அவர்தம் எகிப்து வாழ்க்கை காப்பியத்திற் பேரிடம் பெறுகின்றது. காவலூர் பாடிய புலவர்க்குக் காவலனும் ஏதிலியுமாகிய சூசை காப்பியத் தலைவன் ஆயினமை இயைபுடையதே.

5. கோயிலுள் எழுந்த சுவர்

இனி இதன் மறுபுறத்தையும் மறையாது கூறல் வேண்டும். எருசலேம் திருக்கோயிலில் பிற இனத்தார் கடத்தலாகாத ஒரு தடுப்பு இருந்தது. கடப்பவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பாவான் என்னும் பொருள்படக் கிரேக்க மொழியிற் பொறித்த கல்லை 1871-இல் கிளர்மோன் கன்னோ கண்டெடுத்தார். எபேசியர்க்கு எழுதிய திருமுகம் இரு மக்களையும் பிரித்து நின்ற நடுச்சுவரைக் கிறித்து தகர்த்தார் என்று கூறுமிடத்து இத்தடுப்பையே நினைவிற் கொண்டது என்பர் பலர். எபிரேயர் திருமுகமோ அவர் நகர வாயிலுக்குப் புறத்தே பாடுபட்டார் என்றும், நாமும் புறத்தே செல்வோம் என்றும் அழைக்கின்றது.

ஆயின் தமிழ்நாட்டில் கிறித்தவம் சாதியெல்லையைக் கடக்க அஞ்சியது. மதுரை மறைப்பணியில் உயர்ந்தோர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் வெவ்வேறு குருக்கள் பணிபுரிந்தனர். முனிவர் வாழ்ந்திருந்த 1744-ஆம் ஆண்டில் பாப்பரசர் பதினான்காம் பெனடிக்டு வெளியிட்ட ஆணையும் தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிக் குருக்களை அமர்த்தவே வழி செய்தது. இதன் முடிந்த வடிவத்தைக் காணத் தெற்கே நெல்லைச் சீமைக்குச் செல்லல் வேண்டும். அங்கு வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பகுதியாக இரு கூடங்கள் பீடத்தில் வந்து கூடுமாறு கோயில் எழுப்பப்பட்டது. 1910-இல் பிரிக்கும் சுவர் இடிக்கப்பட்டது. உரிமை கோரியோர் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் சாதியின் பெயரால் தனியிடம் பெற இயலவில்லை. சுவர் வீழ்ந்தபின்னும் கல்லறைகளிலும் தேரோடும் தெருக்களிலும் அவ்வெல்லை தமிழ்நாட்டில் எஞ்சி நிற்றலை அறிவோம்.

அடைக்கல நகரின் எல்லையும் இச்சுவரும் வடிவில் ஒன்றே. இரண்டும் உள்ளையும் புறத்தையும் பிரிப்பன. வேற்றுமை, யாருக்காக வகுக்கப்பட்டன என்பதில் உள்ளது. தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தைக் கற்போர் காவலூரை மட்டும் எடுத்துப் போற்றி வடக்கன்குளத்தை விடுதல் முறையாகாது. காவலூர் என்னும் பெயரே அச்சுவருக்கு எதிரான சான்று ஆதலின், இரண்டையும் ஒருங்கு வைத்துக் கற்றலே அப்பெயருக்குச் செய்யும் நேர்மை.

6. முடிவுரை

நிலத்தெல்லைகள் நிலையா. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்றும் 1995-இல் பெரம்பலூர் பிரிந்தது. அதனின்றும் 2001-இல் அரியலூர் பிரிந்து, 2002-இல் மீண்டும் அதனொடு சேர்ந்து, 2007-இல் மறுபடியும் தனி மாவட்டம் ஆயிற்று. 1899-இல் அமைந்த குடந்தை மறைமாவட்டமோ கொள்ளிடத்தின் இரு கரையையும் ஒருங்கே தழுவி நிற்கின்றது. ஒரு காலத்தில் ஓடிவந்தோர் அஞ்சிக் கடந்த ஆறு இன்று அவர் வழியினர்க்கு எல்லையன்று.

மாறும் எல்லைகளினூடே மாறாது நிற்பது ஒரு கருத்து. எல்லைக் கல் எளியவனுக்காக நடப்படுவது. வயலின் விளிம்பு ஏழைக்கு உரியது. நகரின் எல்லை ஓடிவருபவனின் உயிருக்கு வேலி. மறைநூலின் இம்மூன்று கருத்தும் காவல் என்னும் தமிழ்ச்சொல்லில் வந்து கூடின. அச்சொல்லின் பொருள்வரலாற்றை எழுதப் புகுவார், காவற்காட்டிலும் காவன்மரத்திலும் நின்றுவிடாது, கொள்ளிடக் கரையின் இச்சிற்றூர் வரை வருதல் வேண்டும் என்பதே நம் துணிபு.