முயலின் பல்லைக் கவனியுங்கள்

முயல் தன் நோவை வாய்விட்டுச் சொல்லாத பிராணி. வளர்ப்பவரே கண்டறிய வேண்டும்.

அதற்குள்ள 28 பற்களும் ஆயுள் முழுதும் வளர்பவை. முன்பற்கள் வாரத்திற்குச் சுமார் 2 மில்லிமீற்றர் நீளும். நாருள்ள புல்லை ஓயாது மெல்வதாலேயே அவை தேய்ந்து அளவில் நிற்கின்றன. பாணும் பிஸ்கற்றும் பல்லைத் தேய்க்கமாட்டா. மாத்தளைப் பகுதியில் செழித்து வளரும் கினிப்புல் இதற்கு ஏற்றது. மருந்து தெளிக்காத இடத்தில் அறுத்து, வேண்டிய மட்டும் கொடுங்கள்.

மோவாய் நனைந்திருத்தல், புழுக்கை சிறுத்தல், தீனியை நாடி வந்தும் உண்ணாது திரும்புதல் ஆகியன பல் நோயின் அறிகுறிகள். நகவெட்டியால் பல்லை நறுக்கலாகாது. பிளந்து வேர்வரை புண்ணாகலாம். ஒரு நாள் உண்ணாதிருந்தாலே குடல் இயக்கம் நின்று உயிருக்கு ஆபத்து நேரிடும். காலையில் இட்ட புல் மாலையிலும் அப்படியே கிடந்தால், அருகிலுள்ள மிருக வைத்தியரிடமோ பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்கோ தாமதியாது கொண்டு செல்லுங்கள்.