அரக்கோணம் லைன்ல ஒரு 'தெருக்குரல்'!

காலையில அரக்கோணம் லோக்கல்ல போயிருக்கீங்களா? இந்து காலேஜ் ஸ்டேஷன்ல எங்க சேக்காடு செட் ஏறினா, ஆவடி வர்றதுக்குள்ள கம்பார்ட்மென்ட் சுவரே ட்ரம்ஸ் ஆகிடும். கானா பறக்கும். இதே லைன்ல எதிர்ப்பக்கம் கடைசி வரைக்கும் போனா அரக்கோணம். ராப் பாடகர் அறிவு அந்த ஊர்க்காரர்தான். முழுப்பேர் அறிவரசு கலைநேசன். இன்ஜினீயரிங் படிச்சவர், ஸோ நம்ம ஆளு!

'மாஸ்டர்' படத்துல 'வாத்தி ரெய்டு' பாடினவர்தானேன்னு கேப்பீங்க. அவரேதான். ஆனா மனுஷன் பேர் வாங்கினது சினிமாவுக்கு வெளியில. நம்ம ஊர்ல பாட்டுன்னாலே சினிமாப் பாட்டுதான். ஹீரோ இல்லை, சிச்சுவேஷன் இல்லை, தன் வீட்டுக் கதையைத் தானே எழுதிப் பாடறேன்னு ஒருத்தர் கிளம்பறது லேசுப்பட்ட காரியமா?

2018 ஜனவரி 6, கீழ்ப்பாக்கம். இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவுக்கு முதல் மேடை. மொத்தம் 19 பேர். ராக் கிட்டார், பறை, கானா, ராப் எல்லாம் ஒரே மேடையில. குழுவோட பேருக்குப் பின்னாடி இருக்கறது அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற சிந்தனை. கல்ச்சுரல்ஸ்ல இங்கிலீஷ் ராக்கை காப்பியடிச்சே காலம் தள்ளுற பேண்டுகள் அவசியம் பார்க்கணும். அந்த 19 பேர்ல அறிவும் ஒருத்தர்.

2019-ல ஆஃப்ரோவோட சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம். குறளைக் குரலாக்கின டைட்டிலுக்கே தனியா ஒரு விசில் அடிக்கலாம்!

அப்புறம் 2021 மார்ச் 7. 'எஞ்சாயி எஞ்சாமி'. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரிச்ச பாட்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச பாட்டி வள்ளியம்மாள்தான் அதோட வேர். யூடியூப்ல 40 கோடி தடவைக்கு மேல பார்த்தாச்சு. கல்யாண வீட்டுல ஆடறோம், ஆனா அது நிலமில்லாதவங்களோட வலின்னு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

கூத்து அதுக்கப்புறம்தான். அதே வருஷம் ஆகஸ்ட்ல ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில தீ இருந்தார், அறிவு இல்லை. இரஞ்சித் உட்பட பலரும் கேள்வி கேட்க, அறிவை வெச்சு ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னையில செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பாட்டு ஒலிச்சது, மேடையில அறிவு இல்லை. மெட்டு, வரி, குரல் எல்லாம் என்னோடதுன்னு இன்ஸ்டாகிராம்ல எழுதினார். இல்லை, மூணு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னு சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். ரெண்டு வருஷம் கழிச்சு, 2024 மார்ச்சுல, அந்தப் பாட்டுல இருந்து எங்க மூணு பேருக்கும் ஒரு பைசாகூட வரலைன்னு அவரே வீடியோ போட்டார். அடேங்கப்பா!

அறிவு அசரலை. அதே 2024-ல 'வள்ளியம்மா பேராண்டி'ன்னு ஆல்பம் போட்டார். பாட்டி பேரு இப்போ அட்டையிலேயே இருக்கு.

ஹாஸ்டல் மாடியில ட்யூன் போடற பார்ட்டிங்களா நீங்க? அப்போ இதைக் கேளுங்க. வரிக்குத் தனி காப்பிரைட், மெட்டுக்குத் தனி, ரெக்கார்டிங்குக்குத் தனி. 2012 சட்டத்திருத்தப்படி, பாட்டை இன்னொருத்தருக்கு எழுதிக்கொடுத்தாலும், எழுதினவரும் மெட்டுப் போட்டவரும் ராயல்டி பங்கு கேட்கலாம். ஸோ, ரிலீசுக்கு முன்னாடியே எது யாரோடதுன்னு ஒரு பேப்பர்ல எழுதி எல்லாரும் கையெழுத்து போட்டுடுங்க. ட்ரம்மர் மாப்ளே கோவிச்சுப்பான். ஒரு டீ வாங்கிக்கொடுத்தா சரியாகிடுவான்!