வன்னிக் குன்றுகள்: பாறையும் படிக்கட்டும்

மணற்கல்லாலான மலைத்திணிவு எதுவும் வன்னிப் பெருநிலத்தில் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் மலை என வழங்கப்படுவன, காட்டின் நடுவே தனித்து நிற்கும் தாழ்ந்த பாறைக் குன்றுகளே. மணற்கல் மலையின் இயல்பை அறிய வேண்டின் ஸ்கொத்லாந்தின் வடமேற்கே, தேர்ந்த மலையேறிகள் நாடிச் செல்லும் லியாகாக்கை நோக்கலாம். 1,055 மீற்றர் உயரமுள்ள அம்மலையின் சரிவுகளில் மணற்கற் படைகள் கிடையாக ஒன்றன்மேலொன்று அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு படையும் ஒரு படி. விளிம்புக்கு அப்பால் செங்குத்தான வீழ்ச்சி. ஏறத்தாழ நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொணர்ந்து குவித்த மணல் அது. அதற்கு அடியில், அதனினும் மிக மூத்த நைசுப் பாறை கிடக்கின்றது.

வன்னியிலோ மேலே நிற்பதே நைசு. முன்னர் மேற்கு விசயன் தொகுதி எனப்பட்ட இப்பாறைத் தொகுதியைப் புவிச்சரிதவியலார் இன்று வன்னித் தொகுதி என்றே அழைக்கின்றனர். இதன் ஒரு பகுதி பண்டு மணலாகவும் களியாகவும் படிந்ததே. ஆயின் 55 முதல் 60 கோடி ஆண்டுகளுக்கு முன், கொண்டுவானாக் கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், நிலத்தின் ஆழத்தே பெருவெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு அது உருமாறிற்று. பின்னர் மேலிருந்தவை யாவும் அரிப்புண்டு போக, வலிய பாறைகள் மட்டும் எச்சக் குன்றுகளாக நிலைத்தன. இவற்றின் மேற்பரப்பு வெங்காயத் தோல்போலத் தகடு தகடாக உரிவதால் முகடு மழுங்கி உருண்டிருக்கும். பற்றிக்கொள்ளப் படை விளிம்புகள் இல்லை. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் பாசி படர்ந்த இப்பாறையில் ஏறுவது, உயரம் சிறிதேயாயினும், எளிதன்று.

ஆகவேதான் இங்கு படிக்கட்டு ஓர் அறமாயிற்று. வவுனியா மாவட்டத்துப் பெரிய புளியங்குளத்துக் குன்றில் தொன்மையான பிராமிக் கல்வெட்டுக்கள் உள்ளன. பரணவிதான 1970இல் வெளியிட்ட தொகுதியில் இடம்பெறும் அவற்றுள் இரண்டு, விசாகன் என்னும் தமிழ் வணிகனைக் குறிப்பன. ஒன்று அவன் அளித்த குகையைச் சொல்கின்றது. மற்றையது அவன் அளித்த படிக்கட்டை. பாறையின் கீழ்ப்பகுதி உதிர்ந்து தோன்றிய ஒதுக்கிடங்களில், மழைநீர் உள்வழியாதபடி முகட்டில் விளிம்பு வெட்டிப் பௌத்த துறவியர்க்கு வழங்கிய காலம் அது. வழங்கியவன் தமிழன் என்பதைக் கல்லே கூறுகின்றது. பௌத்த எச்சம் காணப்படும் இடமெல்லாம் சிங்களவர்க்கே உரியது என்னும் வாதமும், அவ்வெச்சங்களைக் கண்டும் காணாதிருக்கும் நம்மவர் சிலரின் போக்கும் இக்கல்லின்முன் ஒருங்கே தளர்கின்றன.

இன்று இக்குன்றுகளில் ஏறுவோர்க்கு இடர் பாறையினால் மட்டும் வருவதன்று. முல்லைத்தீவு மாவட்டத்தில், தண்ணிமுறிப்பை அடுத்துள்ள குருந்தூர் மலையில் 2021 சனவரியில் தொல்லியல் அகழ்வு தொடங்கியது முதல், வழிபாட்டுரிமையும் புதிய கட்டுமானமும் பற்றிய வழக்குகள் எழுந்தன. அவற்றை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி, உயிரச்சுறுத்தலைக் காரணங்காட்டி 2023 செப்டெம்பரில் பதவி துறந்து நாட்டைவிட்டு வெளியேறினார். வவுனியா வடக்கில் ஒலுமடுவை அடுத்த வெடுக்குநாறி மலையில், 2024 மார்ச் 8ஆம் நாள் சிவராத்திரி வழிபாட்டுக்காகச் சென்றோரில் பூசகர் உட்பட எண்மரைப் பொலிசார் கைதுசெய்தனர். அவர்கள் வவுனியா நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டது மார்ச் 19ஆம் நாளில்.