நனைந்தால் பருக்கும் நூல்

ஆர்க்டிக் பனிவெளியில் பருத்தி விளையாது. இனுயிட் பெண்களுக்கு நூல் கிடைத்தது கரிபூ என்னும் துருவ மானின் முதுகிலிருந்து. முதுகெலும்பின் இருபுறமும் ஓடும் தசைமேல் பட்டையாகப் படிந்திருக்கும் தசைநாணை உரித்து, சதையைச் சுரண்டிக் காயவைப்பார்கள். காய்ந்ததை நகத்தால் கீறினால் இழை இழையாகப் பிரியும். வாயில் வைத்து ஈரமாக்கி ஊசியில் கோக்க வேண்டியதுதான். கடலோரத்தில் பெலுகா, நார்வால் திமிங்கிலங்களும் நூல் தந்தன.

முதுகைத் தேடிப் போவது நீளத்துக்காக. கால் தசைநாண் குட்டையானது, உருண்டையானது; காய்ந்தால் கட்டைபோல விறைக்கும். தட்டித் தட்டித்தான் நார் பிரிக்க வேண்டும். இரண்டிலும் இருப்பது கொலாஜன் என்ற புரதமே. அது தண்ணீர் குடித்தால் பருக்கும். சீல் தோல் காலணி நனைந்ததும் தையல் நூல் உப்பி, ஊசித்துளையை அடைத்துவிடும். போதாததற்கு, ஊசி தோலை முழுதாகத் துளைக்காமல் பாதிக் கனத்திலேயே வெளிவரும்படி தைப்பார்கள்.

இந்த நூல் ஆர்க்டிக்குக்கு மட்டும் சொந்தமல்ல. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, சுமார் 5,300 ஆண்டுப் பழைய ஓட்சி என்ற மனித உடலின் தோல் மேலங்கியும் விலங்கு நாரால் தைத்ததுதான்.

வில் செய்பவருக்கோ கால் தசைநாணே போதும். துருக்கியிலும் கொரியாவிலும் மாட்டு நாரைப் பசையில் தோய்த்து, வில்லின் முதுகில் அடுக்கடுக்காக ஒட்டினார்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டுவதால் நீளக் குறை தெரியாது. நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு நீள்கிறது, எய்பவரைப் பார்த்த பக்கம் நசுங்குகிறது. நீட்சியை நார் தாங்கும்; நசுக்கலை எருமைக் கொம்பு தாங்கும். காய்வதற்கே மாதக்கணக்கில் ஆகும். கொரியாவில் பசையும் மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்தது. ஈரம் பட்டால் இளகிவிடும். கொரிய வில்லாளிகள் வில்லை வெதுவெதுப்பான பெட்டியில் வைத்துக் காப்பது அதனால்தான். தையலுக்கு நண்பனான தண்ணீர் இங்கே எதிரி.

இதற்கு ஆர்க்டிக் கண்ட வழிதான் எனக்குப் பிடித்தது. அங்கே கிடைத்த மரமெல்லாம் பெரும்பாலும் கடல் ஒதுக்கியது, எளிதில் முறியும். நாரைக் கயிறாகப் பின்னி, வில்லின் முதுகில் இழுத்துக் கட்டிவிட்டார்கள். ஒட்டவே இல்லை, இளகப் பசையும் இல்லை. முறுக்கைக் கூட்டிக் குறைத்து வில்லின் விறைப்பையும் மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது நைலான் இழையும், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகு நூலும்கூடத் தோல் தைக்க வந்துவிட்டன. மலிவு, எளிதில் அறுவதும் இல்லை. ஆனால் நனைந்தால் பருக்காது. அலாஸ்காவின் உட்கியாக்விக்கில் திமிங்கில வேட்டைப் படகுக்குத் தாடி சீல் தோலைத் தைக்கும் பெண்கள் இன்றும் கரிபூ நாரைத்தான் பின்னுகிறார்கள்.